அன்று அப்பா உன் கையை விடாத காரணம்

அமல், நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாய், இந்த மாதக் கடைசியோடு தோஹாவை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்துவிடப் போகிறாய். அதற்கு நீ சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. "அன்னிக்கு அப்பா என் கைய வுடவே இல்லம்மா. போவாதடான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அதுலேர்ந்து எனக்கு இங்க வேலையே ஓட மாட்டுது." இதற்குப் பதிலைப் போனில் சொல்ல எனக்கு வழியில்லை. நம் வீட்டில் இருப்பது ஒரு கூடமும் ஒரு சமையலறையும். அவர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சுதான் குழறுகிறதே தவிர, காது முன்னைவிடக் கூர்மை. அதனால் என் பால்வாடி வேலையில் மிச்சமிருந்த ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, மத்தியானம் அவர் கண் அசரும் நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காமல் எனக்குப் போன் பண்ணாதே. பாதியில் குறுக்கே பேசுகிற பழக்கம் உனக்கு உண்டு, அது உன் அப்பா கொடுத்த சீதனம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வலது கை இனித் திறக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ போன் பண்ணி, "கரண்ட் வெக்கிறாங்களா, ஊசி போடறாங்களா, கை எப்படிக்குது" என்று கேட்பாய். நான் "முன்னைக்கு இப்ப தேவலடா" என்பேன். தேவலை ஒன்றும் இல்லை. உனக்கு அங்கே வெயிலில் வேலை, போதாததற்கு இது எதற்கு என்று நினைத்துச் சொன்ன பொய். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று என்று சொல்லிச் சொல்லி, இப்போது நீ ஒரு பொய்யை நம்பி வேலையையே விடுகிற இடத்துக்கு வந்து நிற்கிறாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் ரூமில் இருக்கிற பையன்கள் யாருக்காவது ஊரில் அப்பா அம்மா இப்படி விழுந்திருந்தால் அவர்களுக்கும் இதைக் காட்டு. எனக்கு இதில் வெட்கப்பட மிச்சம் எதுவும் இல்லை.

பொய் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கே ஆரம்பித்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிவிட்டு அப்பா காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். மில் மூடியதிலிருந்து அவருக்கு அதுதானே பிழைப்பு. காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தேன். பிடித்த மாதிரிதான் இருந்தது, கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயு பிடித்திருக்கிறது என்று சொல்லி, சோடாவில் உப்பும் எலுமிச்சம்பழமும் கலந்து குடிக்கவைத்துப் படுக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு எழுப்பினால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், "காலையிலயே கூட்டிக்கினு வந்திருந்தா ரத்தக்கட்டியக் கரைக்க ஒரு ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்மா" என்றார். உன்னிடம் நான், "தூங்கி எழுந்துக்கும்போதே அப்படி இருந்தாரு" என்று சொன்னேன். அந்த ஐந்து மணி நேரத்தை உனக்கு நான் சொல்லவே இல்லை. கோபம் வந்தால் வரட்டும். எனக்கே என்மேல் இன்னும் ஆறவில்லை.

நீ பதினைந்து நாள் லீவில் ஓடி வந்தாய். அப்போது அந்தக் கை எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பிழிந்து போட்ட துணி மாதிரி, வைத்த இடத்தில் கிடந்தது. தூக்கி விட்டால் தொப்பென்று விழுந்தது. நீதான் பரண்மேல் இருந்த அவருடைய பெத்தாங் குண்டை எடுத்து வந்தாய். வேற்றூர்க்காரர் யாராவது படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன்: வெள்ளைக்காரன் போகும்போது விட்டுப்போன இரும்புக் குண்டு விளையாட்டு அது. சின்ன மரக்குண்டு ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டு, அதன் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி இரும்புக் குண்டை வீச வேண்டும். எதிராளி குண்டு அங்கே இருந்தால் அதை அடித்துத் தள்ள வேண்டும். நம் ஊரில் மில்காரனும் ஆடுவான், பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன்காரனும் ஆடுவான். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் இரண்டு பக்கமும் கை குலுக்க வேண்டும். உன் அப்பா அடிக்கிற ஆள். பன்னிரண்டு தப்படி தூரத்திலிருந்து சின்ன ஓசைகூட இல்லாமல் குண்டை விடுவார். மற்ற விஷயத்தில் அவருக்கு நான் பெரிய சர்ட்டிபிகேட் கொடுக்க மாட்டேன், இதில் கொடுப்பேன். மூன்று கோடு போட்ட அந்தக் குண்டை நீ அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, "அப்பா, இத்த புடிச்சிப் புடிச்சிப் பழகு. அடுத்த தபா நான் வர்றப்ப கிரவுண்டுல நிக்கணும்" என்றாய். அவர் அழுதார். நம் வீட்டில் அன்றைக்கு எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நீ போன பிறகு நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் பிசியோவுக்கு வரச் சொன்னார்கள். நாலு தடவை போனேன், ஆட்டோவில் ஏற்றி இறக்க ஆள் இல்லை, கையில் குண்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். காலையில் அரை மணி, சாயந்தரம் அரை மணி. "புடிங்க, இன்னும் புடிங்க" என்று பால்வாடிப் பிள்ளையை மிரட்டுவது போல மிரட்டுவேன். இரண்டாம் மாதம் விரல் லேசாக மடங்கியது. மூன்றாம் மாதம் குண்டு கீழே விழாமல் நின்றது. நாலாம் மாதம் கையைத் தலைகீழாகத் திருப்பினாலும் குண்டு விழவில்லை. அதை வீடியோ எடுத்துத்தான் உனக்கு அனுப்பினேன். நீ உன் கம்பெனி முழுக்கக் காட்டியதாகச் சொன்னாய். அப்பாவோடு ஒரே அணியில் ஆடுகிற ரெனே மாமா வந்து பார்த்துவிட்டு, "இன்னா புடிடா இது, மில்லுல பஞ்சு பேல் தூக்கின கை, போயிடுமா" என்று தோளில் தட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வந்தவர்கள் எல்லோரிடமும் விரலைக் கொடுக்கச் சொல்லி நெரித்துக் காட்டுவார். டிசம்பர் மாதம் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். சாமியார் பீடத்தில் அவர் பெயரை வாசித்தார், கை திரும்ப வந்ததற்கு நன்றியாக என்று வாசித்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் முழந்தாள் போட்டிருந்தேன்.

ஜனவரியில் கை முழங்கையோடு சேர்ந்து நெஞ்சுக்கு ஏற ஆரம்பித்தது. கொட்டாவி விட்டால் கை தானாக மேலே எழும்பும். இருமினால் எழும்பும். சட்டை போட கையை நீட்டினால் நீளாது. அப்போதுதான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிசியோவில் நித்யா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். நான் பெருமையாகப் பையிலிருந்து குண்டை எடுத்து அவர் கையில் வைத்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. "யாரும்மா இத்த குடுக்கச் சொன்னது?" என்றாள். நாங்களேதான் என்றேன். "இது பலம் இல்லம்மா. மூளையிலேர்ந்து போதும், வுடுன்னு ஒரு உத்தரவு வரணும். அடிபட்ட எடத்துலேர்ந்து அது வர்றதில்ல. அதனால சதை புடிச்சது புடிச்சபடி இறுகிக்குது. நீங்க குண்ட வெச்சி இன்னும் புடி, இன்னும் புடின்னு சொல்லிக் குடுத்துக்கினு இருந்திருக்கீங்க. இவருக்கு விரலத் தொறக்கத்தான் பழக்கணும்." குண்டு கொடுக்காமல் இருந்திருந்தால் இறுக்கம் வந்திருக்காதா என்று கேட்டேன். "வந்திருக்கும்மா. இவ்ளோ வந்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றாள். அந்தப் பெண் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நன்றி சொல்லிப் பூசை வைத்தோமே, அது நோய் முற்றியதற்கு வைத்த பூசை.

இப்போது இதைவிட மோசமானதைச் சொல்கிறேன். அவள் சொன்ன பிறகும் இரண்டு மாதம் நான் குண்டை நிறுத்தவில்லை. அவர் கேட்பார். "குண்டு கொண்டா" என்பார். அவருக்கு அந்த நாளில் மூத்திரம் போக நான் வேண்டும், வேட்டி கட்ட நான் வேண்டும், சோறு பிசைய நான் வேண்டும். இந்த ஒன்றுதான் அவராகச் செய்வது. அதையும் பிடுங்கி, "இது பலம் இல்லீங்க, வியாதி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நித்யாவிடம் நிறுத்திவிட்டேன் என்பேன், வீட்டில் கொடுப்பேன். மார்ச்சில் ஒருநாள் கையிலிருந்து நாற்றம் வந்தது. விரல்களைப் பலவந்தமாகப் பிரித்துப் பார்த்தேன். நடுவிரல் நகம் உள்ளங்கையில் இறங்கி, சதை வெள்ளையாக ஊறிப் புண்ணாகியிருந்தது. அவர் அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வலி தெரியவில்லையோ சொல்ல விருப்பமில்லையோ. அன்றைக்குத்தான் குண்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஏப்ரலில் நீ வந்து, "குண்டு எங்கம்மா" என்று கேட்டபோது, ரெனே மாமா ஆடுவதற்கு எடுத்துப் போயிருக்கிறார் என்றேன். உன் யோசனையால் வந்தது என்று நீ வெம்பிப் போவாய் என்று மறைத்தேன். உன்மேல் தப்பில்லை, தம்பி. தெரியாமல் ஆசையில் கொடுத்தாய். தெரிந்த பிறகும் கொடுத்தவள் நான். உனக்குப் பிள்ளை குட்டி வந்த பிறகும் இதை ஞாபகம் வைத்துக்கொள்: ஒருவர் சந்தோஷப்படுகிறார் என்பதற்காக அவருக்குக் கெடுதல் செய்யாதே, அதை அன்பு என்று வேறு நினைத்துக்கொள்ளாதே.

அந்த லீவு முடிந்து நீ கிளம்பிய நாளுக்கு வருகிறேன். சென்னை ஏர்போர்ட்டுக்குப் போக மத்தியானம் கார் வந்து நின்றது. நீ அப்பா முன்னால் மண்டி போட்டு, அவருடைய கட்டை விரலை நீயே விலக்கி, உன் கையை அந்தக் கைக்குள் நுழைத்தாய். ஆட்டம் முடிந்து கை குலுக்குகிற மாதிரி. "வர்றேன்ப்பா" என்றாய். அவர் பிடித்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். நீ இழுத்தாய், அவர் விடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, கை இன்னும் இறுகியது, தோளெல்லாம் நடுங்கியது. நீ அவர் மடியில் தலையை வைத்து, "அப்பா, வுடுப்பா, ஒரு வருஷந்தாம்ப்பா" என்று அழுதாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள்ளே விரல் விரலாகப் பிரித்தேன். உனக்கு அது தெரிந்ததோ என்னவோ. அவராக மனசு இல்லாமல் விட்டார் என்று நீ நினைத்துக்கொண்டு காரில் ஏறினாய். அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் மேலே எழுத எனக்குக் கை வராது.

நீ பணம் அனுப்பிச் சொன்னபடி கரண்டும் ஊசியும் மே மாதம் ஆரம்பித்தோம். வாரம் மூன்று நாள் நித்யாவிடம். முன்கையின் வெளிப்பக்கம் இரண்டு பட்டை ஒட்டி, வயரை மாட்டி மிஷினைப் போடுவாள். முதலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும் என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மணிக்கட்டு மேலே எழும்பி, விரல் நாலும் ஒன்றாக விரிந்தது. கை இறுகிய பிறகு முதல் தடவையாக, பலவந்தம் இல்லாமல் விரிந்த அந்த உள்ளங்கையை நான் வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கரண்ட் நின்றதும் விரல் மூடிக்கொண்டது. திரும்ப வந்ததும் விரிந்தது. "நீங்களும் சேந்து தூக்கறதா நெனைங்கப்பா, அப்பதான் மூளை கத்துக்கும்" என்று நித்யா சொன்னாள். அவர் தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். "அது நான் தூக்கல. மிஷினு தூக்குது" என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் வைத்தோம். அவர் சொன்னது மாறவில்லை.

அக்குபங்சர் என்கிற ஊசி வைத்தியம் முத்தியால்பேட்டையில், வாரம் இரண்டு நாள். அங்கே இருக்கிற டாக்டர் அதிகம் பேச மாட்டார், வாக்குறுதியும் கொடுக்க மாட்டார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. மயிரிழை மாதிரி ஊசி, கையில், முழங்கையில், முழங்காலுக்குக் கீழே, தலையில்கூட. சில நாள் இரண்டு ஊசிக்கு நடுவில் கிளிப் மாட்டிச் சின்னதாகக் கரண்ட் விடுவார். அப்பா கண்ணை மூடிப் படுத்திருப்பார். அரை மணியில் தோள் இறங்கும், முழங்கை தளரும், கை தானாக நெகிழ்ந்து வயிற்றின்மேல் பாதி திறந்து கிடக்கும். ஊசியை எடுத்த பிறகும் இருபது நிமிஷம், நல்ல நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும். ஆட்டோவில் வரும்போது வேகத்தடையில் ஒரு தூக்கு தூக்கினால் போச்சு. "தளர்த்த முடியிதும்மா. தளர்ந்தபடி நிறுத்தி வெக்க முடியல. நாள் ஆயிடுச்சு, இறுகின சதை சுருங்கியும் போயிடுச்சு" என்று அவர் போன மாதம் சொன்னார். இதையேதான் நித்யாவும் சொல்கிறாள். இரண்டு பேரும் நல்லவர்கள். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இறுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், நாள் முழுக்கத் தூங்கி வழிந்தார், பாதியாகக் குறைத்தார்கள். சதையில் போடுகிற மருந்து ஊசி ஒன்று இருக்கிறது, அதுவும் சில மாதம்தான் தாங்கும் என்கிறார்கள். ராத்திரி கையில் கட்டுகிற பலகையும் இருக்கிறது. எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் உனக்குத் திறக்காது என்று எழுதுகிறேன்.

அந்த இருபது நிமிஷத்தில் நான் என்ன செய்கிறேன் தெரியுமா? நகம் வெட்டுகிறேன். வெந்நீரில் உள்ளங்கையைக் கழுவி, விரல் இடுக்கில் துடைத்து, பவுடர் போடுகிறேன். இத்தனை வைத்தியமும் இப்போது அதற்குத்தான் உதவுகிறது. சட்டைக் கையில் கை நுழைகிறது, புண் வரவில்லை. அதுவே பெரிய விஷயம் என்று நித்யா சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் நான் கேட்டது அது இல்லையே.

நவம்பரில் நடந்ததையும் உனக்குச் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த அப்பா, கை தளர்ந்திருக்கிறதைப் பார்த்து, "கிரவுண்டுக்குப் போவலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். ரெனே மாமாவுக்குப் போன் பண்ணி, ஆட்டோவை நேராக அங்கே விடச் சொன்னேன். கை இறுகிவிடப் போகிறதே என்று டிரைவரிடம் மெதுவாகப் போகவும் சொன்னேன், சீக்கிரம் போகவும் சொன்னேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். இடது பக்கம் நான் தாங்கிக்கொண்டேன். ரெனே மாமா தன் குண்டைத் துணியால் துடைத்து, அவர் கையில் மெல்ல வைத்தார். அப்பா ஒரு தடவை மூச்சை இழுத்து, கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினார். குண்டு போகவில்லை. விரல் அதைக் கவ்விக்கொண்டது. வீசிய வேகத்தில் குண்டின் கனம் அவரை முன்னால் இழுத்தது, நானும் சேர்ந்து சாய்ந்தேன், நாலு பேர் வந்து பிடித்தார்கள். மறுபடியும் வீசினார். மறுபடியும் அது கையிலேயே இருந்தது. மூன்றாவது தடவை அவர் வீசவில்லை. கையைத் தொங்கவிட்டு நின்றார், முழங்கை தானாக மடங்கி குண்டை நெஞ்சுக்குக் கொண்டுவந்தது. ரெனே மாமா வந்து, மணிக்கட்டை மடக்கிக் குண்டை எடுத்துக்கொண்டார். வழக்கமாக ஆட்டம் முடிந்தால் எல்லோரும் வரிசையாக வந்து கை குலுக்குவார்கள். அன்றைக்கு யாரும் கையை நீட்டவில்லை. மரியாதைக்குத்தான் நீட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து, "அந்தக் குண்ட எங்கனா குடுத்துடு" என்றார். அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அமல், நீ கிளம்பிய அன்று நடந்ததும் இதேதான். அழுகை வந்தால், பதற்றம் வந்தால், குளிர் பட்டால் அந்தக் கை இறுகும். நீ அழ அழ, அவர் அழ அழ, அது இன்னும் இறுகியது. அவர் உன்னைப் போகாதே என்று பிடிக்கவில்லை. விட முடியாமல் நின்றார். அது எனக்கு அன்றைக்கே தெரியும், துண்டுக்குள்ளே விரலைப் பிரித்தவள் நான். கார் திரும்பியதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக என்னிடம் சொன்னார்: "அவங்கிட்ட சொல்லும்மே. நான் வுட்டுட்டேன். கைதான் வுடல." இரண்டு நாள் கழித்து, "சொன்னியா" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். "இன்னா சொன்னான்" என்றார். புரிஞ்சுதுன்னு சொன்னான் என்றேன். அதோடு அவருக்கு அது தீர்ந்துபோயிற்று. உனக்குத் தெரியும் என்றுதான் இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ வந்து கட்டில் பக்கத்தில் நின்று, நீ விடாமல் பிடித்தாயே, அதற்காக வந்துவிட்டேன் அப்பா என்று சொன்னால் அந்த மனுஷனுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார். தன் கை தன் மகனையும் கவ்விக்கொண்டு விடவில்லை என்று ஆகும்.

ஏன் பதினோரு மாதம் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் திரும்பி வருவாய் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான். எனக்கு முடியவில்லை, தம்பி. அவரைத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு போய்விட்டது. குளியலறையில் அவரும் நானுமாக ஒருநாள் விழுந்து, எழுந்திருக்க வழியில்லாமல் இரண்டு பேரும் ஈரத்தில் உட்கார்ந்திருந்தோம். கோயிலுக்குப் போனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை, ஒருமுறை நன்றி சொல்லி ஏமாந்த வாய். நீ வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன். நேற்றுகூட இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேசாமல் இருந்தால் மாதக் கடைசியில் வந்துவிடுவான் என்று படுத்துக்கொண்டேன். வருவதானால் உன் அம்மாவுக்கு முடியவில்லை என்று வா. அது உண்மையான காரணம். வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை.

லீவில் வந்தாலும் சரி, மூட்டை கட்டிக்கொண்டு வந்தாலும் சரி, ஒன்று மட்டும் செய். அவர் வலது பக்கம் போய் நிற்காதே. அந்தக் கையைப் பிரித்து உன் கையை நுழைக்காதே. இடது கையை நீட்டுவது மரியாதை இல்லை என்று நமக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள், அவரும் அதற்காகவே இன்னும் யாருக்கும் அந்தக் கையை நீட்டுவதில்லை. நீ நீட்டு. இடது பக்கமாக உட்கார்ந்து, உன் இடது கையை முதலில் நீட்டு. அவர் கொஞ்சம் யோசிப்பார், பிறகு பிடிப்பார். கிளம்பும்போது ஒன்றும் சொல்லாமல் இரு. நீ இழுக்க வேண்டியிருக்காது, அவரே விடுவார்.

அம்மா